கிழித்துக் கொடுத்த காசு

மல்லாங்கிணற்றில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

விருதுநகரிலிருந்து மல்லாங்கிணறு வழியாகக் காரியாபட்டி போகும் பேருந்தில் ஏறி இறங்கியவர்களுக்கு இந்தக் காட்சி பழகியது. பயணி நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறார். கண்டக்டர் தோல்பைக்குள் கைவிட்டுத் துழாவுகிறார், சில்லறை இல்லை. டிக்கெட்டைத் திருப்பி, அதன் முதுகில் பாக்கித் தொகையை எழுதி, கீழே ஒரு கீறல் போட்டுக் கொடுக்கிறார். "எறங்கும்போது வாங்கிக்கிருங்க." பயணி அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் போடுவதில்லை. விரலிடுக்கிலேயே வைத்துக்கொண்டு வருகிறார். ஊர் நெருங்க நெருங்க அவர் பார்வை ஜன்னல் பக்கம் போகாது. கண்டக்டர் முன்படியில் நிற்கிறாரா, பின்படியில் நிற்கிறாரா என்றுதான் தேடும்.

கீறல் விழுந்த நொடியிலேயே அந்த டிக்கெட் பணமாகிவிட்டது. அதை வெளியிட்டவர் கண்டக்டர். அது செல்லும் எல்லை அந்தப் பேருந்து. அதன் ஆயுள் இறங்கும் நிறுத்தம் வரை. மாற்றாமல் இறங்கிவிட்டால் இழப்பு பயணிக்கு. வெளியிட்டவர் யார், எவ்வளவு தூரம் செல்லும், திருப்பி வாங்கிக்கொள்பவர் யார், வாங்காவிட்டால் யார் தலையில் விழும் என்ற இந்தக் கேள்விகளைப் போர்க்காலத்தில் உலகெங்கும் அச்சான சில்லறைத் தாள்கள் ஒவ்வொன்றிடமும் கேட்கலாம். கேட்டே ஆகவேண்டும். சில்லறை என்பது கூலிக்கு வேலை செய்பவர்களின் பணம். மொத்த வியாபாரி உண்டியலில் கணக்கை முடித்துக்கொள்வார், மிராசுதார் பற்று வரவில் முடித்துக்கொள்வார். அரைப்படி அரிசியும் காலணாவுக்குப் புளியும் வாங்குகிறவருக்குக் காசு கையில் இருந்தால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும்.

போர் வந்தால் காசு ஏன் காணாமல் போகிறது? 1914-க்கு முந்தைய வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தோலா எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. அதன் முக மதிப்பு பிரிட்டிஷ் கணக்கில் 16 பென்ஸ். லண்டன் சந்தையில் ஒரு அவுன்ஸ் வெள்ளி 43 பென்ஸைத் தொட்டால் ரூபாய்க்குள் இருக்கும் வெள்ளியின் விலையும் அந்த 16 பென்ஸுக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் ஏறினால் ரூபாயைச் செலவழிப்பவருக்கு நட்டம், உருக்குபவருக்கு லாபம். 1917-இல் வெள்ளி விலை அந்தக் கோட்டைத் தாண்டியது. அந்த ஆண்டு ஜூன் 29 முதல் தங்க, வெள்ளி நாணயங்களைப் பணமாகத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக்கூடாது என்று அரசு தடை போட்டது. ஆனால் தட்டாரின் குகையிலும் ஓலைக்கொட்டான் அடியிலும் போன வெள்ளியை எந்தச் சட்டம் திரும்பக் கொண்டுவரும்? 1920 பிப்ரவரியில் விலை 89½ பென்ஸ் வரை போனது.

அதுவரை இந்தியாவில் இருந்த மிகச் சிறிய நோட்டு 5 ரூபாய். கரிசல்காட்டுச் சம்சாரி ஒருவர் வாழ்நாள் முழுவதும் அதைத் தொடாமலே இருந்திருக்கக்கூடும். 1917 நவம்பர் 30 அன்று முதன்முதலாக 1 ரூபாய்த் தாள் வெளிவந்தது. 1918 ஜனவரி 2 அன்று அதைவிட விநோதமான ஒன்று வந்தது: இரண்டரை ரூபாய்த் தாள். ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கில் அது 40 அணா, 10 ரூபாயில் சரியாகக் கால் பங்கு. இந்த நோட்டுகளில் எட்டு இந்திய மொழிகளில் தொகை அச்சாகியிருந்தது. தமிழும் அதில் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எட்டு மொழியால் என்ன பயன்? வெள்ளி ரூபாயைக் கல்லில் சுண்டிப் பார்த்து ஓசையில் நம்பியவர்கள் தாளை எதில் சுண்டிப் பார்ப்பார்கள்? நாட்டின் பல பகுதிகளில் நோட்டுக்கு வட்டம் பிடித்துக்கொண்டுதான் வெள்ளி கொடுத்தார்கள். அந்த வட்டம் யாருடைய வரவிலும் வரி என்று எழுதப்படவில்லை, ஆனால் வரிதான். மாற்றாமல் இருக்க முடியாதவர் அதைக் கட்டினார்.

1918 ஏப்ரலில் நிலைமை முற்றியபோது கைகொடுத்தது அமெரிக்கா. பிட்மன் சட்டம் என்ற பெயரில் அங்கே நிறைவேறிய சட்டத்தின்படி 20 கோடி அவுன்ஸ் வெள்ளி உருக்கப்பட்டு இந்தியாவுக்காகக் கப்பலேறியது. கருவூலத்தில் குவிந்து கிடந்த அமெரிக்க டாலர்கள் இந்திய ரூபாயாகப் பிறவி மாறின. கூடவே சில்லறை நாணயங்களில் வெள்ளியை விட்டுவிட்டு 1918-இல் 2 அணா, 1919-இல் 4 அணாவும் 8 அணாவும் நிக்கல் கலவையில் அடிக்கப்பட்டன. 8 அணா நிக்கலைக் கள்ளக்காசு அடிப்பவர்கள் சுலபமாகப் பார்த்து அடித்துவிட்டதால் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று 1 ரூபாய்த் தாளும் இரண்டரை ரூபாய்த் தாளும் 1926 ஜனவரி 1 முதல் நின்றன.

பதினான்கு ஆண்டுகூட நிறைவதற்குள் மறுபடியும் போர். 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்த செய்தி வந்ததும் நோட்டை நீட்டி வெள்ளி கேட்டு மக்கள் அலைமோதினார்கள். ஆகஸ்டில் 1 ரூபாய்த் தாள் திரும்ப வந்தது. இரண்டரை ரூபாய்த் தாளையும் மீண்டும் போடலாமா என்று யோசித்துவிட்டு, அதற்குப் பதிலாக 1943 மார்ச் 3 அன்று 2 ரூபாய்த் தாளைப் போட்டார்கள். ரூபாய் நாணயத்தில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. விக்டோரியா தலை போட்ட ரூபாய் 1941 மார்ச் மாதத்தோடு செல்லாமல் போனது. மகள் கல்யாணத்துக்கென்று பானைக்குள் சேர்த்து வைத்திருந்தவர்களின் கதை அப்போது எத்தனை வீடுகளில் நடந்திருக்கும்!

ரூபாய்க்கு இப்படி ஏதோ வழி கிடைத்தது. அணாவும் காலணாவும்தான் பெரும் பாடு. செம்பும் நிக்கலும் குண்டுக்கும் தோட்டாவுக்கும் போய்விட்டன. விலைவாசி ஏற ஏறக் காசின் தேவையும் ஏறியது. சென்னையின் நாணயசாலை 1869-இலேயே மூடப்பட்டுவிட்டதால், ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வரவேண்டிய காசு கல்கத்தாவிலிருந்தோ பம்பாயிலிருந்தோதான் வரவேண்டும். ரயிலோ ராணுவத்துக்கும் தளவாடத்துக்குமே போதவில்லை. (அப்போது விருதுநகரும் சாத்தூரும் அருப்புக்கோட்டையும் இந்த மல்லாங்கிணறும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. விருதுநகர் மாவட்டம் 1985-இல் பிறந்தது.) 1943-இல் நடுவில் பெரிய வட்டத் துளையோடு செம்புக் காலணா வெளிவந்தது. துளை போட்டதன் நோக்கம் உலோகத்தை மிச்சப்படுத்துவது. மக்கள் அதைக் கயிற்றில் கோத்துக் கொண்டார்கள், போல்ட்டுக்கு வாஷராகவும் போட்டார்கள். 'ஓட்டைக் காலணாவுக்குப் பெறாது' என்ற வசவு இன்றும் வாயில் வருகிறது. போர் போய்விட்டது, காலணா போய்விட்டது, பேச்சில் அந்தத் துளை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பக்கத்துப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குச் சொந்தக் காசே இருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. அம்மன் காசு என்று பெயர். ஒரு அணாவுக்கு இருபது. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுக்கப்பட்ட காசு அது. சில்லறையின் மிகச் சிறிய துண்டு எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதை அந்தச் சமஸ்தானம் நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. ஒரு காசுக்கும் பொருள் கிடைக்கும் சந்தையில்தான் ஏழை ஏமாறாமல் பொருள் வாங்க முடியும்.

தாளில் சில்லறை அடித்த சமஸ்தானங்கள் வடமேற்கில் இருந்தன. குஜராத், சிந்து, பலுசிஸ்தான், மத்திய மாகாணம் என்று பரவிய அந்த வட்டாரத்தில் குறைந்தது 36 சமஸ்தானங்கள் இரண்டாம் உலகப் போரின்போது இத்தகைய சீட்டுகளை வெளியிட்டதாக ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகம் கணக்குச் சொல்கிறது. மோர்வி, நவாநகர், ஜூனாகத், ராஜ்கோட், ராஜபுதனத்தில் பிக்கானீர், பூந்தி, மாளவத்தில் சைலானா ஆகியவை அவற்றில் சில. பெயர் 'கேஷ் கூப்பன்'. அந்தக் 'கேஷ்' என்ற சொல்லுக்கு, சிறு நாணயம் என்ற பொருளில், நம் 'காசு'தான் மூலம். போர்த்துக்கீசியர் வாய் வழியாகக் கடலோடிப் போய்த் திரும்பி வந்த சொல். பேச்சில் புழங்கும் 'துட்டு' டச்சுக்காரர்களின் சிறுகாசான 'டொய்ட்' என்பதிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். கொடுக்கல் வாங்கலில் சொல்லும் கைமாறியிருக்கிறது.

அந்தக் கூப்பன்கள் தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய அட்டைத் துண்டுகள். சமஸ்தானத்தின் சின்னம், உள்ளூர் எழுத்தில் தொகை, எண். ஒரு பைசா, இரண்டு பைசா, ஒரு அணா என்ற அளவில்தான் பெரும்பாலும் இருந்தன. கத்தியவாரில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள். காலையில் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் இரண்டு ராஜ்ஜியம் கடந்துவிடலாம். ஒரு ஊரில் பருத்தி விற்ற கையோடு கூப்பனை வாங்கி முடிந்துகொண்டு போனவர், எல்லைக் கல்லைத் தாண்டியதும் அதை யாரிடம் நீட்டுவார்? வெளியிட்ட திவானின் கஜானா எட்டும் தூரத்தில் இருக்கும் வரைதான் அது காசு. கண்டக்டர் எழுதிய டிக்கெட்டுக்குப் பேருந்து எப்படியோ, இந்த அட்டைக்குச் சமஸ்தானம் அப்படி.

நம் பக்கத்து ஆட்கள் கையில் புழங்கிய தாள் சில்லறையைத் தேட வேண்டுமானால் கடலைத் தாண்ட வேண்டும்.

மண்டபம் முகாமில் மருந்தடித்துக்கொண்டு, தலைமன்னாருக்குக் கப்பலேறி, கண்டிச் சீமைக்குப் போனவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். காசுத் தாளுக்கு வெகுகாலம் முன்பே அவர்களுடைய வாழ்க்கை ஒரு துண்டுத் தாளில் கட்டப்பட்டிருந்தது. அதன் பெயரே 'துண்டு'. இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்தத் தொழிலாளரை விடுவிக்கிறோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். அங்கே முன்பணம் வாங்கி இங்கே கடனை அடைப்பார். கடன் தொழிலாளர் கணக்கில் ஏறும். ஆளையே கைமாற்றும் நோட்டு அது. 1921-இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். தாளில் தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டப்படும் எதையும் நல்ல எண்ணத்தோடு மட்டும் பார்க்க முடியாமல் போவதற்கு இந்தத் 'துண்டு' ஒன்றே போதும்.

இலங்கையில் கூலி சதக் கணக்கில். 1929-இல் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைகளுக்கு 32. ஐந்தாலும் பத்தாலும் வகுபடாத எண்கள். ஒரு சதமும் இரண்டு சதமும் இந்தக் கணக்கில் வாழ்ந்தன.

1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. 9-ஆம் தேதி திருகோணமலையில். காசுக்கான உலோகமும் கிடைப்பது அரிதாகியிருந்தது. அந்த ஆண்டு இலங்கை அரசு 5 சதம், 10 சதம், 25 சதம், 50 சதம் என்று தாளிலேயே சில்லறை அடித்தது. அவற்றுள் 1942 ஜூன் 1 தேதியிட்ட 5 சதத் தாள் உலகத்தில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத ஒரு பொருள்.

அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு தாள்போல இருக்காது. ஒட்டிக்கொண்ட இரட்டைத் தபால்தலைபோல இருக்கும். நடுவே, தலைமேல் தொடங்கி அடிவரை, ஊசித் துளைகள் வரிசையாகப் போகின்றன. ஒரு பாதி 2 சதம். மறுபாதி 3 சதம். கிழிக்காமல் கொடுத்தால் 5 சதம். சில்லறை வேண்டுமானால் துளைவழியே மடித்து இழுத்துக் கிழித்துக் கொடுக்க வேண்டியதுதான். ஓரம் தபால்தலைக்கு இருப்பதுபோலப் பல் பல்லாக வரும். அரசாங்கமே மக்களிடம், 'கிழித்துக்கொள்' என்று கொடுத்த நோட்டு.

ஏன் சரிபாதியாகப் பிரிக்காமல் இரண்டும் மூன்றுமாகப் பிரித்தார்கள்? சற்றே கணக்குப் போட்டால் அதன் கெட்டிக்காரத்தனம் புரியும். 2, 3, 5 மூன்றும் கையில் இருந்தால் 2 சதத்துக்கு மேற்பட்ட எந்தத் தொகையையும் மிச்சமில்லாமல் கொடுத்துவிடலாம். நாலு என்றால் இரண்டு இரண்டு. ஆறு என்றால் மூன்று மூன்று. ஏழு என்றால் ஐந்தும் இரண்டும். ஒரு சதம்தான் தனித் தாளாக இல்லை. மூன்றைக் கொடுத்து இரண்டை வாங்கிக்கொண்டால் அதுவும் தீர்ந்தது. ஒரே அச்சு, ஒரே தாள், ஒரே வெட்டு, மூன்று மதிப்பு. அலுவலகத்தில் உட்கார்ந்து இதை யோசித்தவர் யாராக இருந்தாலும், பெட்டிக்கடைப் பலகைக்கு எதிரே நின்று வெற்றிலையும் கருப்பட்டியும் வாங்குகிறவரின் கை எப்படி இயங்கும் என்று தெரிந்தவர். 43 சதக் கூலிக்காரப் பெண்ணின் கணக்கு அந்தத் துளைவரிசைக்குள் இருக்கிறது. 1944-இல் இலங்கையில் 2 சத நாணயம் பித்தளைக் கலவையில் வந்துவிட்டது. 3 சத நாணயம் எப்போதும் வரவில்லை. இலங்கைக் கூலிக் கணக்கில் 3 சதம் என்ற தனிப்பணம் இருந்தது அந்தப் பாதித் தாளில் மட்டும்தான்.

இலங்கைத் தாளுக்கு ஒரு மூத்த உறவு உண்டு. 1915-இல் ருஷ்யாவில் வெள்ளிச் சில்லறை பதுங்கியபோது, ரோமானோவ் வம்சத்தின் முந்நூறாம் ஆண்டுக்காக 1913-இல் வெளியிட்ட தபால்தலைகளின் அச்சையே எடுத்துத் தடித்த அட்டையில் 10, 15, 20 கோபெக் என்று அடித்தார்கள். பின்புறம் பசை கிடையாது. வெள்ளிச் சில்லறைக்குச் சமமாகச் செல்லும் என்ற வாசகம் இருந்தது. காற்றில் பறக்கும், ஈரத்தில் ஒட்டும். இருந்தாலும் சந்தை நடந்தது.

இன்னும் பின்னால் போனால் 1574-இல் ஸ்பானியர் முற்றுகையில் சிக்கிய லைடன் நகரம் புத்தகத் தாள்களை ஒட்டி அட்டையாக்கி வட்டமாக அச்சுக்குத்திக் காசாக்கியது. 1685-இல் கியூபெக்கில் படைவீரர்களின் சம்பளப் பணம் கொண்டுவரும் கப்பல் வரவில்லை. பிரெஞ்சு நிர்வாகி ழாக் த மெல் ஊரிலிருந்த சீட்டுக்கட்டுகளை வாங்கி, சீட்டுகளில் தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சம்பளமாகக் கொடுத்தார். கப்பல் வந்ததும் அத்தனை சீட்டையும் வாங்கிக்கொண்டு பணம் கொடுத்துவிட்டார். போரும் முற்றுகையும் பெற்ற தாள்களில் மதிக்கத்தக்க நடத்தை இதுதான்: வாக்குக் கொடுத்த அதே கை திருப்பி வாங்கிக்கொண்டது.

முதல் உலகப் போரில் பிரான்சின் வர்த்தக சபைகள் செய்ததும் அதே வரிசையில் வைக்கத்தக்கது. அரை பிராங்க், ஒரு பிராங்க், இரண்டு பிராங்க் என்று ஊர் ஊராக அவை தாள் அடித்தன. அடித்த தொகைக்கு ஈடாகப் பணத்தை பாங்க் ஆஃப் பிரான்ஸில் கட்டிவைத்தன. வெளியே எவ்வளவு தாள் உலவுகிறதோ அவ்வளவு பணம் உள்ளே தூங்கியது.

ஜெர்மனியின் கதை நீளமானது. அங்கே அதற்கு 'நோட்கெல்ட்' என்று பெயர், நெருக்கடிப் பணம். 1914-இல் தொடங்கி, 1916-க்குப் பின் நாணயங்கள் தொழிற்சாலைக்குப் போகப் போக, நகராட்சி, ஆலை, கடை என்று ஆயிரக்கணக்கானோர் சில்லறை அடித்தார்கள். பீலெஃபெல்டில் பட்டுத்துணியில் அடித்தார்கள். மைசன் பீங்கான் ஆலை பீங்கானிலேயே காசு சுட்டது. போர் முடிந்தபின், 1920-இலிருந்து, வேறொன்று நடந்தது. சிறு ஊர்கள் வண்ண வண்ணமாகப் படம் போட்டு, ஊர்ப் பழங்கதைகளைத் தொடராக அச்சிட்டு, சேகரிப்போருக்கு விற்றன. ஆல்பத்துக்குள் போன தாள் திரும்ப வராது. திரும்ப வராத தாளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அந்தத் தொகை ஊர்க் கஜானாவுக்கு மிச்சம். தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் முற்றுகையின்போது 1900-இல் அடித்த தாள்களிலும் பெரும்பகுதியை மக்கள் நினைவுப்பொருளாக வைத்துக்கொண்டதால் மாற்ற வரவில்லை. தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் வண்ணம் பிசகாமல் அடிக்கத் தெரிந்த சிவகாசி அச்சுக்காரர்கள் அந்த ஜெர்மன் தாள்களைப் பார்த்தால் வேலைப்பாட்டை மெச்சுவார்கள். மெச்சத் தகுந்ததுதான். ஆனாலும் அரை மார்க் சில்லறைக்காகப் பிறந்த தாள் ஆல்பத்துக்காக அச்சாகத் தொடங்கியபோது அதன் வேலை மாறிவிட்டது.

வாக்கு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலாயாத் தமிழர்கள் சாட்சி. 1942 முதல் 1945 வரை ஜப்பான் ஆட்சியில் வெளிவந்த தாள்களில் 10 டாலர் நோட்டில் வாழைமரம் இருந்தது. மொத்தப் பணத்துக்குமே வாழைமர நோட்டு என்ற பெயர் நிலைத்தது. சதக் கணக்கில்கூட அதில் தாள்கள் இருந்தன. அச்சு இயந்திரம் ஓட ஓட, அரிசி விலை ஏற ஏற, அந்தத் தாளைச் சாக்கில் கட்டித் தூக்க வேண்டிய நிலை வந்தது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் திரும்பியதும் அத்தனையும் செல்லாது என்றாகிவிட்டது. ரப்பர் தோட்டத்தில் மூன்றரை ஆண்டு பால்வெட்டிச் சேர்த்த கூலி பிள்ளைகள் விளையாடும் தாளானது. யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கூலி இன்றுவரை கொடுக்கப்படாத கூலி. எந்தக் கணக்கிலும் அது கடன் என்று எழுதப்படாமல் இருப்பதுதான் வேதனை.

சில்லறை இல்லாமை போரோடு முடிந்துவிடவில்லை என்பதை இந்த ஊரில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. புழக்கத்திலிருந்த நோட்டு மதிப்பில் 86 விழுக்காடு ஒரே இரவில் முடங்கியது. மிசோரத்தில் கவ்பங் என்ற மலைக்கிராமத்தில் மக்கள் சாதாரணத் தாளில் தொகையையும் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கடையில் கொடுத்தார்கள், கடைக்காரர் வாங்கிக்கொண்டார். நோட்டு வந்ததும் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர் என்பதால் அது நடந்தது. லைடனிலும் கியூபெக்கிலும் நடந்ததன் இந்தியப் பதிப்பு, இந்த நூற்றாண்டில்.

தீப்பெட்டியின் விலையைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தொழில் அது. தீப்பெட்டியின் விலை எப்போதும் மக்கள் பையிலிருக்கும் மிகச் சிறிய காசோடு ஒட்டியே நடந்திருக்கிறது. 2007-இல் அது 1 ரூபாய் ஆனது. பதினான்கு ஆண்டு அசையாமல் நின்றது. மெழுகு, குளோரேட், அட்டை எல்லாம் விலை ஏறின. ஒன்றரை ரூபாய் வைத்திருக்கலாம். ஆனால் 25 பைசா 2011 ஜூன் மாதத்தோடு சட்டப்படியே போய்விட்டது. 50 பைசா சட்டப்படி செல்லும் என்றாலும் கடையில் யாரும் வாங்குவதில்லை. ஆகவே 2021 டிசம்பர் 1 முதல் ஒரேயடியாக 2 ரூபாய். பெட்டிக்குள் குச்சிகளை 36-இலிருந்து 50 ஆக்குவதாக உற்பத்தியாளர்கள் அறிவித்தார்கள். கொடுக்க முடியாத சில்லறையைக் குச்சியாக எண்ணிக் கொடுத்தார்கள் என்றுதான் இதைப் படிக்க வேண்டும். மளிகைக்கடையில் பாக்கி ஒரு ரூபாய்க்குப் பதிலாகத் தீப்பெட்டி கொடுத்த காலமும் இருந்தது. இந்த வட்டாரத்தின் பண்டம் இந்த வட்டாரத்தின் சில்லறையாகவும் வேலை பார்த்திருக்கிறது.

பத்து ரூபாய் நாணயம் செல்லும், அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் கொடுத்தது. அதற்குப் பிறகும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பெட்டிக்கடை முதல் பேருந்து வரை அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். உலோகம் இருந்தது, சட்டம் இருந்தது. அடுத்தவர் வாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கை இல்லை. காசு கிடைக்காமல் தாளை நம்பியவர்களின் பேரப்பிள்ளைகள் காசு கையில் கிடைத்தும் தாளைக் கேட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம், பட்டாசு ஆலைகளில் வாரச் சம்பளம் போடும் நேரம், சில்லறையின் முழுப் பாரமும் தெரியும். நான்கு பேருக்குச் சேர்த்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக நீட்டி, "ஆளுக்குப் பிரிச்சுக்கிருங்க" என்று சொல்லிவிடுவது பல இடங்களில் வழக்கம். களையெடுப்பிலும் அதே கதை. பிரிப்பதற்கு நால்வரும் சேர்ந்து கடைக்குப் போக வேண்டும். சும்மா சில்லறை கொடுக்க எந்தக் கடைக்காரருக்கும் மனம் வராது. எதையாவது வாங்க வேண்டும். தேவையில்லாத சேவு ஒரு பொட்டலம், பிள்ளைக்கு ஒரு மிட்டாய். 1918-இல் நோட்டுக்குப் பிடித்த வட்டம் இன்று சேவுப் பொட்டலமாக வருகிறது. கைபேசியில் பணம் அனுப்பும் வசதி வந்தபிறகு இளவட்டங்களுக்கு இந்தச் சிக்கல் குறைந்திருக்கிறது, உண்மைதான். பட்டன் போன் வைத்திருக்கும் அறுபது வயதுக்காரப் பெண்ணுக்குக் குறையவில்லை. கூலியை எண்ணிக் கொடுக்கும் இடத்திலேயே சில்லறையாக எண்ணிக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. வாங்குகிறவர் அதற்காக நடக்கவும் கூடாது, காசு இழக்கவும் கூடாது. சொற்பொழிவு முழுவதும் சுற்றி வந்தது இந்த ஒரு கோரிக்கையைச் சொல்லத்தான்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பங்கள் இந்தத் தென்மாவட்டங்களில் பரவலாக இருக்கின்றன. அந்த வீடுகளில் பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பாஸ்போர்ட், தோட்டத்துப் பற்றுச்சீட்டு, பிறப்புப் பதிவுத் துண்டு எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். பெரியவர் காலமானபின் வெள்ளையடிக்கும்போது அந்தப் பெட்டிதான் முதலில் குப்பைக்குப் போகிறது. போடுமுன் ஒருமுறை கீழே கொட்டிப் பார்க்க வேண்டும். தபால்தலை அளவில் பாதி நோட்டு ஒன்று கிடைத்தால், கிழிந்த நோட்டு என்று எறிந்துவிடாமல் வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஓரம் பல் பல்லாக இருந்து, மேலே 2 என்றோ 3 என்றோ இருந்தால், அது 1942-இல் ஒரு தோட்டத்துக் கடைப்பலகையில் யாரோ துளைபார்த்துக் கிழித்து நம் வீட்டுப் பெரியவர் கையில் வைத்த பாக்கி. அதைப் பத்திரமாக ஒரு கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டு, எந்தத் தோட்டம், யாருடையது, யார் கொண்டுவந்தது என்று பின்னால் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனாவால் எழுத வேண்டாம், மை இறங்கிவிடும்.